பெல்லை அழுத்திக்கினே இருங்க

டாக்டரிடம்கூட நோயைச் சொல்லத் தயங்குகிறவர்கள் உண்டு; வீட்டுக்கு வைஃபை போடுகிறவனைப் பார்த்துவிட்டால் கல்யாண வீடு, துக்க வீடு என்று பாராமல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், சிக்னல் வருது போவுது என்று ஆரம்பித்துவிடுவார்கள். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பைக்கில் அலைந்து, அப்படி வந்து வந்து போகிற சிக்னலைப் பிடித்துக் கட்டிப்போடுவதுதான் என் பிழைப்பு. போனில் சுற்றும் சக்கரத்தை முறைத்து, ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்து, கோபம் தாங்காமல் அதன் தலையில் இரண்டு தட்டும் தட்டியிருக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்கள் கஷ்டமும் எனக்குப் புரியும். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வீடு ஏறி இறங்கிய பிறகும், கண்ணுக்குத் தெரியாத இந்தச் சமாசாரத்தைப் பார்த்து எனக்கு வாய் பிளப்பது நின்றபாடில்லை.

மல்லாட்டை மூட்டை

கெடாரில் ஒரு விவசாயி வீடு. முன்னறையில் ரூட்டர், பின்னறையில் அவருடைய மகள் கல்லூரிப் பாடம் படிக்கிறாள். வருஷம் முழுக்க ஒழுங்காக இருக்கும் சிக்னல், ஒரு பருவத்தில் மட்டும் பின்னறைக்குப் போகவே போகாது. போன வருஷம் நான் ரூட்டரையே மாற்றிக் கொடுத்து, பிறகு எல்லாம் சரியாகி, பெரிய கெட்டிக்காரன் என்று பெயரும் வாங்கியிருந்தேன். இந்த வருஷம் அதே பருவத்தில் அதே வீட்டிலிருந்து அதே புகார். போய்ப் பார்த்தால் இரண்டு அறைக்கும் நடுவில் கூரை மட்டத்துக்கு மூட்டை அடுக்கியிருந்தார்கள், எல்லாம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மழை மிரட்டியதில் அரைகுறையாகக் காய்ந்ததை அவசரமாக அள்ளிக்கொண்டு வந்து உள்ளே போட்டிருக்கிறார்கள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைக்கு இந்தப் பக்கம் நின்றேன். சிக்னல் முழுசாக இருந்தது. அந்தப் பக்கம் போனேன், சுத்தமாக இல்லை. செங்கல் சுவரையே துளைத்துக்கொண்டு போகிற அலையை ஈரம் குடித்துவிடும் என்று பயிற்சியில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு அறுவடையே வந்து அதைக் குடிக்கும் என்று யார் நினைத்தார்கள்? மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. போன வருஷமும் சரிசெய்தது நான் இல்லை, வெயில்தான். விஷயத்தை அவரிடம் பயபக்தியோடு விளக்கினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மல்லாட்ட காஞ்சா சிக்னலு தானா வரும்னு சொல்றீங்க. காய வைக்கிறது எங்க வேலை. அப்ப நீங்க எதுக்குங்க வந்தீங்க?"

அண்டாவுக்குப் பின்னால்

மயிலத்தில் ஒரு வீட்டில் புது மருமகள். வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் வேலை. பேசிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் முகம் உறைந்துபோகிறது என்று புகார். ரூட்டர் எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஹாலில் மேல் பரண் முழுக்க எவர்சில்வர் அண்டா, குடம், தவலை என்று பளபளவென்று வரிசைகட்டி நின்றன. எல்லாம் மருமகளின் சீர். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று ரூட்டரை அத்தனைக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள். எவ்வளவு தூரத்திலிருந்தோ கண்ணாடி இழை வழியாக ஓடி வருகிற உலகம், இந்த வீட்டுப் பரணில் ஒரு காலி அண்டாவிடம் முட்டிக்கொண்டு நிற்கிறது. 

அண்டாவை இரண்டடி தள்ளி வையுங்கள் போதும் என்றேன். மாமியார் மருமகளைப் பார்த்தார், மருமகள் மாமியாரைப் பார்த்தார், இரண்டு பேரும் அசையவில்லை. மாமியார் தொட்டால் சீரில் கை வைத்துவிட்டார் என்று ஆகும். மருமகள் தொட்டால் தன் சாமானைப் பிரித்து வைக்கிறாள் என்று ஆகும். கடைசியில் ரூட்டரைத்தான் எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனேன். ஒயர் இழுத்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மாமியார் மோர் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நெட்டு இல்லாம கூட இருந்துடலாம்ங்க. அண்டா நகந்துச்சின்னா நாளைக்கே சம்பந்தியம்மா வந்து நிப்பாங்க."

போனை எடுக்காத வீடு

எங்கள் ஆபீசில் ஒரு விதி இருக்கிறது. புகார் வந்தால் முதலில் போன் செய்யவேண்டும். வாடிக்கையாளர் எடுக்காவிட்டால் திரும்பவும் செய்யவேண்டும். அப்போதும் எடுக்காவிட்டால் 'பதில் இல்லை' என்று புகாரை முடித்துவிடலாம். திண்டிவனத்தில் ஒரு வீட்டுப் புகாரை அப்படி நாங்கள் முடித்துக்கொண்டே இருந்தோம், அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. புகார் கொடுக்கத் தெரிகிறது, போனை எடுக்கத் தெரியவில்லையா என்று எனக்கு எரிச்சல். ஒருநாள் அதே தெருவில் வேறு வேலை இருந்தது. இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன்.

பெல்லை அழுத்தினேன். உள்ளே சத்தமே வரவில்லை. பெல்லும் ரிப்பேர் போலிருக்கிறது, இந்த வீட்டில் எதுதான் வேலை செய்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். எதிர்வீட்டு அம்மா ஒருவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். போன் செய்தாலும் எடுப்பதில்லை, தட்டினாலும் திறப்பதில்லை என்று அவரிடம் புகார் சொன்னேன். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"அந்தப் பொண்ணுக்குக் காது கேக்காதுங்க, நீங்க போன் பண்ணா எப்பிடி எடுக்கும்? பெல்லை அழுத்திக்கினே இருங்க, தானா வந்துடும்."

நான் போனால் சரியாகிவிடும்

விடாமல் அழுத்தினேன். கதவு திறந்தது. அந்தப் பெண்ணின் பெயர் ரஹீமா. காதும் கேட்காது, பேச்சும் கிடையாது. நான் யாரென்று அடையாள அட்டையைக் காட்டியதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, முடித்துவைத்த புகார்களெல்லாம் என் நெஞ்சில் வந்து உட்கார்ந்தன. போனில் வேகவேகமாக டைப் செய்து காட்டினார். அவர் கணவர் யூசுப் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவருக்கும் காது கேட்காது. தினமும் சாயங்காலம் இருவரும் வீடியோ காலில் சைகையில் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் எட்டாது, வைஃபைதான். அதுவும் பாதிப் பேச்சில் அறுந்துபோகிறது. நமக்கெல்லாம் படம் போனால் குரலாவது மிஞ்சும். இவர்களுக்குப் படம்தான் குரல் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரூட்டரைப் பார்த்தேன். அப்போதுதான் உயிர் வந்ததுபோல் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் எல்லாம் பச்சை, வேகமும் அருமை. எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று உள்ளே போய்ப் பார்த்தால், சற்று முன்புதான் ஆன் ஆகியிருக்கிறது என்று காட்டியது. நான் வருவதற்குள் ஆஃப் செய்து ஆன் செய்தீர்களா என்று டைப் செய்து கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் தலையாட்டுவார்கள், அதனால் நான் நம்பவில்லை. இரண்டாம் தடவை அடாப்டரை மாற்றினேன். மூன்றாம் தடவை இழையின் முனையை வெட்டிப் புதிதாக ஒட்டினேன். அதற்கடுத்து ரூட்டரே புதுசு. ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே போகும்போது விளக்குகள் மினுக்கிக்கொண்டிருக்கும், நான் இருக்கும்வரை சிக்னல் மலைபோல் நிற்கும், சாயங்காலம் அறுந்துவிடும். ஹாலில் பட்டப்பகலிலும் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருக்கும், சமையலறையிலும் ஒன்று. கரண்டை இப்படி வீணடிக்கிறார்களே என்று நினைத்ததோடு சரி.

ஆபீசில் என்னோடு வேலை செய்கிற சேகரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவன் டீ கிளாசிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"நீ போனா மட்டும் நல்லா ஓடுதுன்னா, பேசாம உன்னையே அங்க மாட்டிட்டு வந்துட வேண்டியதுதான்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

யூசுப்பின் அக்கா பர்வீன், பள்ளியில் டீச்சர். தம்பி மனைவிக்குத் துணையாக அதே வீட்டில் இருக்கிறார். அவருக்குக் காது கேட்கும். இரண்டு பேருடைய சைகையும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு வியாழக்கிழமை எனக்குப் போன் செய்தார். சிரித்துப் பேசுகிற டீச்சர், அன்று குரலே சரியில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று யூசுப்பைக் கம்பெனி கேட்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசப் போய்த்தான் வீட்டில் சண்டை. முக்கியமான இடம் வரும்போதெல்லாம் வீடியோ கால் அறுந்துபோகிறது. கோபத்தில் நீதான் கட் செய்தாய் என்று அவர். இல்லை, நீங்கள்தான் என்று ரஹீமா. போன வாரத்திலிருந்து அவர் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். நாளை மறுநாள் கம்பெனிக்குப் பதில் சொல்லியாக வேண்டும், அதனால் நாளைக்குக் கட்டாயம் கூப்பிடுவார், நீங்கள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள் என்றார். என் வேலையில் இப்படி ஒரு பாரம் வந்து விழும் என்று நான் நினைத்ததில்லை. ஒரு குடும்பம் எந்தப் பக்கம் போகும் என்பது என் ரூட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனேன். ரூட்டர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கால் வந்தது. முதலில் இரண்டு பேரும் முகம் கொடுக்காமல் சாப்பாடு, உடம்பு என்று சின்னச் சின்னதாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஆரம்பித்தது. அய்யா, நான் எத்தனையோ வீட்டுச் சண்டை பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஹாலில் ஃபேன் சத்தம் தவிர ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த விரல்கள் கத்தின, புருவம் அழுதது, ஒரு தோள் குலுக்கலில் பழைய கணக்கெல்லாம் வந்து போனது. எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்தவர் பேச்சை ஒட்டுக்கேட்கிற கூச்சம் வந்துவிட்டது. நான் வரட்டுமா, இருக்கட்டுமா, நீயே சொல்லு என்று கேட்கிறான் என்று பர்வீன் டீச்சர் என் காதோரம் சொன்னார். ரஹீமா பதில் சொல்லக் கையைத் தூக்கினார். அந்த நொடியில் சிவப்பு பல்பு அணைந்தது. ஃபேன் தளர்ந்தது. என் கண்ணெதிரே ரூட்டரின் விளக்கெல்லாம் செத்தன.

ரஹீமா ரூட்டரைப் பார்க்கவே இல்லை. பல்பைப் பார்த்தார். போனை நோக்கி ஒரு கையை உயர்த்தி, இருங்க, வாசலில் ஆள் வந்திருக்கு என்று காட்டிவிட்டுக் கதவுக்கு ஓடினார். எதிர்வீட்டு அம்மா குருமாக் கிண்ணத்தோடு நின்றார். அதற்குள் பல்பு எரிந்தது, ஃபேன் வேகம் பிடித்தது, ரூட்டர் புதிதாக மினுக்க ஆரம்பித்தது. போனில் யூசுப்பின் முகம் பதிலுக்குக் காத்திருந்தபடியே உறைந்து, பிறகு மறைந்துபோனது. இருங்க என்று இவர் காட்டியது அவருக்குப் போய்ச் சேரவே இல்லை; அவர் பார்த்ததெல்லாம், பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் மனைவி கட் செய்ததைத்தான். ரஹீமா திரும்பி வந்து பார்த்தபோது அவரும் இல்லை. எத்தனை சாயங்காலம் இப்படி! யூசுப் திரையில் வந்தால் எட்டிப் பார்த்து கையாட்டிவிட்டுப் போகலாம் என்று தெருவே அந்த நேரத்துக்குத்தான் வருமாம். நான் வாசலுக்குப் போய் அந்த பெல்லைப் பார்த்தேன். உள்ளே வந்து ஒயர் போகிற வழியைப் பார்த்தேன். அது மணி அடிக்கிற பெல்லே இல்லை. அழுத்தினால் ஹால் கரண்டை மொத்தமாக அறுக்கிற பெல். நானும் ஒவ்வொரு தடவையும் இதை விடாமல் அழுத்தி, ரூட்டரைக் கொன்றுவிட்டுத்தான் அதற்கு வைத்தியம் பார்க்க உள்ளே வந்திருக்கிறேன்.

விளக்கு எரிகிற மாதிரி பெல் வைப்பார்கள், அணைகிற மாதிரி யார் வைத்தது என்று கேட்டேன். பர்வீன் டீச்சர் அந்தச் சிவப்பு பல்பையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி வெளிநாட்டுக்குப் போவும்போது அவளுக்காகப் பண்ணிட்டுப் போனது சார். தூங்கும்போது லைட்டு எரிஞ்சா தெரியாது, காத்து நின்னா முழிச்சிக்குவான்னு சொன்னான்."

சமையலறையிலிருந்து ஒரு ஒயர்

இதைக் கேட்ட பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. தூங்குகிறவள் முகத்தில் படுகிற காற்றையே மணியாக்கிவிட்டுப் போயிருக்கிறான் ஒரு மனுஷன். நானும் வருஷக்கணக்காக ஒயரோடுதான் குடித்தனம் நடத்துகிறேன். இப்படி ஒன்று என் மூளைக்கு எட்டியிருக்குமா? அவர் போன பிறகுதான் நெட் வாங்கியிருக்கிறார்கள். ரூட்டரை மாட்டியவன் ஹாலில் காலியாக இருந்த பிளக்கில் சொருகிவிட்டான். அவர் மனைவிக்காகச் செய்த பெல், அவருடைய பேச்சையே அறுத்துக்கொண்டிருந்தது. சமையலறையில் அந்தச் சிவப்பு பல்பைத் தவிர மற்ற கரண்டெல்லாம் தனி வழி, பெல்லுக்குக் கட்டுப்பட்டதில்லை. அங்கிருந்து ஒரு ஒயர் இழுத்து ரூட்டருக்குக் கொடுத்தேன். வேலை என்று பார்த்தால் அவ்வளவுதான்.

ஆனால் யூசுப் போனை எடுக்கவில்லை. ரஹீமா திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.  காரணத்தைக் கண்டுபிடித்து என்ன பிரயோசனம், கேட்கவேண்டியவர் கேட்காவிட்டால்? ஒரு யோசனை வந்தது. ரூட்டரைப் பழைய பிளக்கில் திரும்பச் சொருகினேன். ரஹீமா போனில் வீடியோ எடுத்தார்: வாசலில் என் விரல் பெல்லை அழுத்துகிறது, ஜன்னல் வழியே உள்ளே பல்பு அணைகிறது, கூடவே ரூட்டரும் அணைகிறது. அப்புறம் ரூட்டரைப் புது ஒயரில் மாட்டி, உயிர் வந்ததும் அந்த வீடியோவை அனுப்பினோம். ஒரு வார்த்தை கிடையாது, அவர்களுக்குத் தேவையும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு போன் அதிர்ந்தது. திரையில் யூசுப் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன்; பார்த்தால் சிரிக்கிறார். பிறகு நிஜமாகவே அழுதார். என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பெல்லைப் பிடுங்கிவிடாதீர்கள் என்கிறான் என்று டீச்சர் சொன்னார்.

பிடுங்கவில்லை என்று காட்ட நானே வெளியே போய் அழுத்தினேன். விடாமல் அழுத்திக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பல்பு அணைந்தது, ஃபேன் நின்றது, இருட்டிக்கொண்டு வந்த ஹாலில் போன் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. அந்த வெளிச்சத்தில் ரஹீமாவின் கைகள் பேசிக்கொண்டே இருந்தன. முதல் தடவையாக அவர் பல்பைப் பார்க்கவில்லை. நான் விரலை எடுத்துவிட்டு உள்ளே வந்து, வரட்டுமா இருக்கட்டுமா என்றதற்கு என்ன பதில் சொன்னார் என்று டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன் சார். நானே சமையல்கட்டுக்குத்தான் போறேன், நீங்களும் கெளம்புங்க."

கடைசிப் புகார்

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து புகாரே வரவில்லை. பதில் என்னவென்று தெரியாமல் எனக்குத்தான் உறுத்திக்கொண்டிருந்தது. மல்லாட்டைப் பருவம் போய் அடுத்த மல்லாட்டைப் பருவம் வந்த சமயம், அந்த முகவரியிலிருந்து ஒரு செய்தி வந்தது. கனெக்‌ஷன் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்று. நம் வேலையில் அதுதான் பெரிய பேஜாரு. கஸ்டமரை எப்படியாவது பேசி நிறுத்து என்று மேலிடத்தில் சொல்லி அனுப்பினார்கள். எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன்.

வாசலில் ஒருவர் ஸ்டூல் மேல் நின்று, அந்த பெல்லை ஸ்க்ரூடிரைவரால் பத்திரமாகக் கழற்றிக்கொண்டிருந்தார். திரையில் உறைந்த நிலையில் நான் பார்த்த அதே முகம். உள்ளே சாமானெல்லாம் கட்டி வைத்திருந்தது. சொந்த ஊரான கோட்டக்குப்பத்துக்கே போகிறார்களாம், அங்கே ஏசி ரிப்பேர் கடை போடப்போகிறாராம். ரஹீமா என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் விரலால் பெல் அழுத்துவது போல் காட்டினார். அவர் ஸ்டூலிலிருந்து குதித்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடமைக்குக் கேட்டாக வேண்டுமே என்று, நெட்டில் ஏதாவது குறையா, ஏன் வேண்டாம் என்கிறீர்கள் என்று டைப் செய்து காட்டினேன். அவர் ரஹீமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே என் போனை வாங்கி எழுதினார்.

"நெட்டு ஒண்ணும் கொறை இல்லை அண்ணே. இப்ப எதிர்ல உக்காந்து சண்டை போடறோம், கட்டே ஆவ மாட்டேங்குது."

சிக்னல் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்றாலும், கஸ்டமரை நிறுத்த ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ரூட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு சந்தோஷமாக நான் வெளியே வந்த வீடு அது ஒன்றுதான்.